சொல்லிவிட்டுச் செல்லும் பயணம்



இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் பாடம் நடத்திவரும் ஒருவர் திரைப்படங்களைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலருக்கு வியப்பு ஏற்படலாம். எமக்கே அந்த வியப்பு இன்னும் நீங்கவில்லை. படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருள் அன்று. அதைச் சொல்வதற்குத் தகுதியுள்ள உலமாக்கள் இருக்கிறார்கள். எம் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும், அதன் பின்னர் எம் மகனோடு அமர்ந்து நாம் பார்த்த மலை, காடு, நெடுவழிப் பயணப் படங்கள் சிலவற்றையும், அவற்றால் எம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையும் மட்டுமே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம். வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது ஏதேனும் ஒரு வகையில் பயன்படக்கூடும்.

எந்த மலையில் தேடுவது?

நாம் வசிப்பது கம்பம் பள்ளத்தாக்கில். ஊரின் மேற்கே கேரள எல்லையை ஒட்டிய மலை, கிழக்கே மேகமலை. இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் நெல்வயலுமாக நீண்டு கிடக்கிறது எங்கள் பூமி. பிறந்த நாள் முதல் இருபுறமும் மலையைப் பார்த்தே வளர்ந்தோம். ஆயினும் நாற்பத்தைந்து வயது வரை எந்த மலையிலும் நடந்து ஏறியதில்லை. பேருந்தில் குமுளிக்குச் சென்று வந்ததுதான் மலையோடு எமக்கிருந்த உறவு.

எம் மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். மலையேற்றப் படங்களில் அவனுக்கு மிகுந்த ஈடுபாடு. ஊருக்கு வந்திருந்த ஒரு நாள், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எம் அருகில் வந்து அமர்ந்தான். "அத்தா, இந்தப் படத்தைப் பாருங்க. உண்மையாவே நடந்த கதை" என்றான். மறுநாள் பாடத்துக்காக நாம் கிதாபைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலேயே, "வீண் வேலை. படிக்கிற வழியைப் பாரு" என்றோம். அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதன் பிறகு எதையும் எம்மிடம் காட்ட வரவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. ஐப்பசி மழைக்காலம். ஒரு சனிக்கிழமை காலை, நண்பன் வீட்டில் சேர்ந்து படிக்கப்போவதாகத் தன் தாயிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். மஃரிபுக்கு வரவில்லை. இஷா தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியபோது எம் மனைவி வாசலில் நின்றிருந்தார். மகனின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. நண்பனின் வீட்டுக்கு ஓடினோம். அந்த நண்பனின் தாயோ, தம் மகன் எங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறான் என்றே எண்ணியிருந்தார். மூன்றாவதாக ஒரு பையன். அவன் வீட்டிலும் இதே கதை.

இரவு பத்து மணிக்குப் பிறகு, மற்றொரு தோழன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மலைக்குப் போறதாப் பேசிக்கிட்டாங்க." எந்த மலை என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாஅத்தார் இருபது பேர் டார்ச் விளக்குகளுடன் கூடிவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள், வண்டிகள் இருந்தன. மேற்கே போவதா, கிழக்கே போவதா என்பது மட்டும் தெரியவில்லை. காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் தெரிவித்தோம். அவர்களும் முதலில் கேட்டது அதைத்தான்: "எந்தப் பக்கம்?" மேகமலை 2021ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி, யானைகள் நடமாடும் காடு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் எங்கள் தேனி மாவட்டத்தில்தான். அன்றிரவு முற்றத்தில் குரங்கணி என்ற பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அந்த நினைவு எல்லோரிடமும் இருந்தது என்பதை முகங்களைப் பார்த்தே அறிந்தோம்.

பொழுது விடிந்தபின், ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேற்கு மலைக்குச் சென்ற ஜீப் ஒன்று மூன்று பையன்களையும் வழியில் கண்டு திருப்பி அழைத்து வந்தது. மூடுபனியில் வழி தவறியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவனைத் தாங்கிக்கொண்டு நடந்து, ஆளில்லாத ஒரு தோட்டக் கொட்டகையில் இரவைக் கழித்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மகனைக் கண்டதும் வாயில் வந்த கடுஞ்சொற்களையெல்லாம் எப்படியோ அடக்கிக்கொண்டோம். அவன் குளித்து உறங்கிய பின்னர், எம் மனைவி அமைதியாக ஒன்று கேட்டார்: "மலைக்குப் போறேன்னு அவன் உங்ககிட்ட சொல்லிருந்தா, நீங்க என்ன சொல்லிருப்பீங்க?"

எம்மிடம் பதில் இல்லை. என்ன சொல்லியிருப்போம் என்பது அவருக்கும் தெரியும்; அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் பொய் சொன்னது தவறுதான். அந்தப் பொய்க்கு நாமும் ஒரு காரணம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பருவத்தேர்வு விடுமுறையில் அவன் வந்தபோது, "அன்னைக்கு ஒரு படம் காட்ட வந்தியே, அதை இப்பப் போடு" என்றோம். அவன் எம்மை ஐயத்தோடு பார்த்தான். வெள்ளிக்கிழமை மத்ரஸாவுக்கு விடுமுறை என்பதால், வியாழன் இரவுகளில் இஷாவுக்குப் பின் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆபாசமான காட்சி வந்தால் அவனே முந்திக்கொண்டு தள்ளிவிடுவான். இவ்வாறு ஆறு வியாழக்கிழமைகளில் ஆறு படங்களைப் பார்த்தோம்.

பாறைக்கு அடியில் ஒரு கை

முதலில் பார்த்தது, அன்று நாம் மறுத்த அதே படம்: '127 ஹவர்ஸ்'. டேனி பாயில் இயக்கி 2010இல் வெளிவந்தது. அரோன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் பாலைநிலத்தில் குறுகிய பாறை இடுக்கு ஒன்றில் தனியே இறங்குகிறார். ஏறக்குறைய 360 கிலோ எடையுள்ள பாறை உருண்டு அவரது வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து நாள்களுக்கு மேல் அங்கேயே கிடந்தவர், இறுதியில் மழுங்கிய சிறு கத்தியால் தம் கையையே அறுத்துக்கொண்டு வெளியேறி உயிர் பிழைத்தார்.

எல்லோரும் பேசுவது அந்தக் கத்திக் காட்சியைப் பற்றித்தான். எம்மைக் கலங்கடித்ததோ படத்தின் தொடக்கம். அவர் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது தொலைபேசி ஒலிக்கிறது. அம்மாவிடம் பேசச் சொல்லிச் சகோதரியின் குரல் பதிவாகிறது. அவர் எடுக்கவில்லை. எங்கே செல்கிறார் என்று எவரிடமும் சொல்லவுமில்லை. பாறைக்கு அடியில் சிக்கிய பிறகுதான், தம்மை எவரும் தேடப்போவதில்லை, தேடினாலும் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைக்கிறது. கையோடு கொண்டுவந்த படக்கருவியில் தாய்தந்தையரிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசிப் பதிவுசெய்கிறார்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னோம். குகையில் அகப்பட்ட மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அறிவித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. பயணத்தின்போது ஒதுங்கிய குகையின் வாயிலைப் பாறை அடைத்துக்கொள்ள, மூவரும் தத்தம் நற்செயல் ஒன்றை முன்னிறுத்தி இறைவனிடம் இறைஞ்சினர். பாறை சிறிது சிறிதாக விலகியது. முதலாமவர் முன்னிறுத்தியது, முதிய பெற்றோருக்காகப் பால் பாத்திரத்தைக் கையில் ஏந்தி விடியும்வரை காத்து நின்றதை. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்த ஹதீஸை நடத்துகிறோம். பாறைக்கு அடியில் மனிதனுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெற்றோர்தான் என்பதை ஒரு திரைப்படம் வந்து எமக்கு விளக்க வேண்டியிருந்தது.

"கொட்டகையில உனக்கு என்ன நினைப்பு வந்துச்சு?" என்று மகனிடம் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், "அம்மா சோறு எடுத்து வச்சிட்டு உக்காந்திருப்பாங்கன்னு" என்றான்.

அலாஸ்காவின் பழைய பேருந்து

இரண்டாவது படம் 'இன்டு த வைல்ட்'. ஷான் பென் இயக்கியது; 2007இல் வெளிவந்தது. இதுவும் உண்மைக் கதை. கிறிஸ்டோபர் மெக்கேன்ட்லஸ் என்ற பட்டதாரி இளைஞர் தம் சேமிப்பான 24 ஆயிரம் டாலரை அறச்செயலுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டை விட்டு மறைகிறார். இரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பின், 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் காட்டுக்குள் தனியே நுழைகிறார். கைவிடப்பட்ட பழைய பேருந்து ஒன்றில் தங்குகிறார். கோடையில் திரும்ப முயன்றபோது, வரும்போது எளிதாகக் கடந்த ஆறு பெருகி ஓடுகிறது. அதே ஆற்றைக் கடக்க உதவும் கம்பிவடக் கூடை ஒன்று சற்றுத் தொலைவில் இருந்தது. கையில் சரியான வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆகஸ்டு மாதம் அந்தப் பேருந்திலேயே பட்டினியால் இறந்தார். வயது 24.

இந்தப் படத்தில் எமக்கும் மகனுக்கும் கருத்து மோதியது. உலகப் பற்றைத் துறக்கும் அந்த இளைஞரிடம் ஓர் உண்மை இருக்கிறது என்றான் மகன். அதை நாமும் மறுக்கவில்லை. பணமும் பகட்டுமே வாழ்க்கை என்று காட்டும் படங்களுக்கு நடுவே, இது வேறொன்றைக் கேட்கிறது. ஆனால் நம் மார்க்கத்தில் துறவறத்துக்கு இடமில்லை. குடும்பத்தின் உரிமையைப் பறித்து இறைவனுக்கோ இயற்கைக்கோ கொடுக்க முடியாது. மகனைத் தேடிச் சலித்த தந்தை நடுத்தெருவில் நிலைகுலைந்து அமரும் காட்சி ஒன்று படத்தில் வருகிறது. மகன் பார்த்தது பேருந்தை. நாம் பார்த்தது தெருவில் அமர்ந்த அந்தத் தந்தையை.

இன்னொரு குறையும் உண்டு. அந்த மரணத்தைப் படம் மிக அழகாகக் காட்டிவிட்டது. அதன் விளைவாக, அந்தப் பேருந்தைக் காண்பதற்கென்றே பலர் கிளம்பினர். 2010இலும் 2019இலும் இரண்டு இளம்பெண்கள் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். இறுதியில் 2020 ஜூன் மாதம் பேருந்தையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி அகற்ற வேண்டியதாயிற்று. இதை மகனிடம் சொன்னபோது அவன் மறுத்துப் பேசவில்லை.

திரும்பி வந்தவர்கள்

மூன்றாவது 'எவரெஸ்ட்', 2015இல் வெளிவந்தது. 1996 மே 10, 11 ஆகிய நாள்களில் எவரெஸ்ட் சிகரத்தில் எட்டுப் பேர் உயிரிழந்த நிகழ்வைக் கூறுவது. பிற்பகல் இரண்டு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் கீழே திரும்பிவிட வேண்டும் என்பது மலையேறிகளின் கணக்கு. அன்று பலர் அந்த நேரத்தைக் கடந்தும் ஏறினர். வழிகாட்டி ராப் ஹாலின் குழுவில் அஞ்சல் ஊழியர் ஒருவர் இருந்தார். முந்தைய ஆண்டு உச்சிக்கு மிக அருகில் வந்து திரும்பிப்போனவர். இம்முறையும் அவரை ஏமாற்றத்தோடு அனுப்ப மனமில்லாமல் ஹால் காத்திருந்தார். புயல் வந்தது. இருவருமே திரும்பவில்லை.

இரக்கம் கூட ஆளைக் கொல்லும் இடம் ஒன்று உண்டு என்பதை இப்படத்தில் கண்டோம். ஆனால் எம் மனத்தில் நின்றவர்கள் வேறு சிலர். அதே குழுவைச் சேர்ந்த சிலர், நேரம் போதாது என்று கணித்து, உச்சியைக் காணாமலேயே முன்பகலில் திரும்பிவிட்டார்கள். அவர்கள் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். எத்தனை ஆண்டு பயிற்சி, எவ்வளவு பொருட்செலவு! அத்தனையையும் விட்டுவிட்டுத் திரும்புவதற்கு எத்தகைய மன உறுதி வேண்டும்! எனினும் படத்தின் கதாநாயகர்கள் அவர்கள் அல்லர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்றபோது, அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியில் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கூட்டி ஆலோசித்து, பாதி வழியிலேயே திரும்ப முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, விதியிலிருந்து விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். முன்னேறுவது மட்டுமே தவக்குல் என்று எண்ணுவோர் உண்டு. திரும்புவதும் தவக்குல்தான். இதை மகனுக்குச் சொன்னபோது, "அத்தா, இதை நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றான். அவன் கேட்டது நியாயமே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னோம், வீட்டில் சொல்லவில்லை.

கயிறு இல்லாதவரும் கயிற்றில் இறங்கியவரும்

நான்காவது 'ஃப்ரீ சோலோ' என்ற ஆவணப்படம். அலெக்ஸ் ஹொனால்ட் என்பவர் 2017 ஜூன் 3 அன்று கலிபோர்னியாவின் எல் கேபிட்டன் என்ற பாறையில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை, எந்தக் கயிறும் இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். படம்பிடித்தவர்களில் ஒருவரே பார்க்க இயலாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாமும் திருப்பிக்கொண்டோம். மகனுக்கு உயிரான படம் இது. கயிறு கட்டிக்கொண்டு அதே பாறையை அவர் எத்தனை முறை ஏறிப் பயின்றார், ஒவ்வொரு கைப்பிடியையும் எப்படிக் குறிப்பேட்டில் எழுதி மனனம் செய்தார் என்பதையெல்லாம் ஆர்வத்துடன் சுட்டிக்காட்டினான். அந்த உழைப்பை மெச்சுகிறோம். ஹிஃப்ழு மாணவர் ஒரு ஜுஸ்உவை மனனம் செய்வதைப் போன்றதே அது. ஆனால் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பந்தயத்தில் வைக்க நமக்கு அனுமதி இல்லை. இதில் மகன் எம்மோடு முழுமையாக உடன்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

ஐந்தாவது நம் பக்கத்து மலையில் நடந்த கதை: 2024இல் வெளிவந்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. கேரளத்திலிருந்து 2006இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர், குணா குகைப் பகுதியின் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறார். தடுப்பைத் தாண்டிச் சென்றது அவர்களின் பிழை. ஆனால் விழுந்தவனை விட்டுவிட்டுப் போக எவரும் இணங்கவில்லை. நண்பர்களில் ஒருவரே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்குகிறார். மேலே மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். விழுந்தவர் உயிரோடு மீட்கப்பட்டார்.

மது, கும்மாளம் என்று நாம் ஏற்கமுடியாதவை அப்படத்தில் உண்டு. இருந்தும் ஆறு படங்களில் எம் மனைவியும் வந்து அமர்ந்து பார்த்தது இது ஒன்றைத்தான். கயிறு மேலே வரும்போது அவர் அழுதார். தனியாகப் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும், மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுமாறு கூறினார்கள் என்பதும் சிறுவயதிலேயே நாம் படித்த பாடங்கள். மேலே நின்று கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதே அதன் பொருள் என்று இப்போது தோன்றுகிறது. கணுக்கால் பிசகிய நண்பனை விட்டுவிட்டு இறங்கியிருந்தால் எம் மகன் அன்றிரவே வீடு வந்திருப்பான். அவன் இறங்கவில்லை. அதற்காக அவனை ஒருமுறை கூடப் பாராட்டவில்லை என்பது அந்தப் படம் முடிந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அப்போதே பாராட்டினோம்.

தந்தையும் மகனும் ஒரு காரும்

ஆறாவது படத்தை மகனே தேடிப் பிடித்தான். 'லு கிரான் வொயாஜ்' என்ற பிரெஞ்சுப் படம். நெடும்பயணம் என்பது பொருள். இஸ்மாயில் ஃபெரூக்கி இயக்கியது, 2004இல் வெளிவந்தது. பிரான்சில் குடியேறிய மொராக்கோ நாட்டு முதியவர் ஒருவர் ஹஜ்ஜுக்குக் காரிலேயே செல்லத் தீர்மானிக்கிறார். கார் ஓட்டவேண்டிய மூத்த மகனால் வர இயலவில்லை. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைய மகனை இழுத்துச் செல்கிறார். இத்தாலி, பால்கன் நாடுகள், துருக்கி, சிரியா, ஜோர்தான் வழியே மக்கா வரை. தந்தை அரபியில் பேசுகிறார். மகன் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். ஒரே காரில் அமர்ந்திருந்தும் அவர்களுக்கு இடையே எத்தனையோ நாடுகள் கிடக்கின்றன.

மகன் உறங்கும்போது தந்தை அவனுடைய கைப்பேசியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார். அக்காட்சியில் எம் மகன் எம்மைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. "வீண் வேலை" என்ற எம்முடைய ஒற்றைச் சொல்லும் அதே குப்பைத் தொட்டிதான். பிள்ளைகள் சொல்லாமல் போகிறார்கள் என்று குறைப்படுகிறோம். சொல்வதற்கான வழியை எத்தனை முறை நாமே அறுத்திருக்கிறோம்!

படத்தின் முடிவில் தந்தை மக்காவிலேயே இறந்துவிடுகிறார். வழியெல்லாம் அவரோடு சண்டையிட்ட மகன், அந்த உடலின் அருகே கதறுகிறான். ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே. அன்றிரவு நாங்கள் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் அமர்ந்திருந்தோம்.

மகன் அப்போது இப்னு பதூதாவைப் பற்றிக் கேட்டான். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று தாஞ்சியர் நகரிலிருந்து தனியே கிளம்பியவர். உலகைச் சுற்றி நம் மதுரைக்கும் வந்தவர். அவர் சொந்த ஊருக்குத் திரும்பியது 1349இல். அதற்குள் தந்தையும் தாயும் இறந்துவிட்டிருந்தனர். அவர் எழுதவைத்த பயண நூலால் உலகம் எவ்வளவோ பயன் பெற்றது. அதற்கு அந்த இரண்டு முதியவர்கள் கொடுத்த விலையையும் நாம் மறந்துவிடக் கூடாது என்று சொன்னோம். "அவங்க அனுமதி கொடுத்துத்தானே அனுப்பிருப்பாங்க?" என்றான் மகன். இருக்கலாம் என்றோம்.

அப்போதுதான் எம் நெஞ்சில் நெடுநாளாக இருந்த கேள்வியைக் கேட்டோம்: "அந்த மலையில அப்படி என்னதான் இருக்கு?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "விடியற்காலைல பனி கொஞ்சம் விலகுச்சு அத்தா. கீழே நம்ம ஊரு முழுசாத் தெரிஞ்சுது. நம்ம பள்ளிவாசல் மினாரா ஒரு விரல் நகம் அளவுக்குத்தான் இருந்துச்சு. அங்கேருந்து சுப்ஹு பாங்கு கேட்டுச்சு. ரொம்ப லேசா. வாழ்க்கைல அன்னைக்குத்தான் பாங்கை முழுசாக் கேட்டேன்."

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறும், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று சிந்திக்குமாறும் திருக்குர்ஆன் மனிதரை அழைக்கிறது. இருபது ஆண்டுகளாக அவ்வசனங்களுக்கு விரிவுரை நடத்துகிறோம். மலைக்குச் சென்றவனோ அவன்.

இரண்டு மணி

தை மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே மலைக்குச் சென்றோம். தமிழக அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். புறப்படுமுன், செல்லும் மலை, பாதை, உடன்வருவோர், திரும்பும் நேரம் ஆகிய அனைத்தையும் மகன் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினான். எம் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். பயண துஆவை மகன் ஓத, நாம் ஆமீன் சொன்னோம்.

உச்சிக்கு இன்னும் சிறிது தூரமே இருந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. வழிகாட்டி நின்று, கடிகாரத்தைப் பார்த்து, "இதுக்கு மேல வேண்டாம், திரும்பிருவோம்" என்றார். மகனின் முகம் வாடியதைக் கண்டோம். எம் முழங்கால்களோ வழிகாட்டிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தன. கீழே இறங்கும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. அடிவாரத்தை நெருங்கியபோது எம் கையைப் பிடித்து ஒரு வழுக்குப் பாறையைக் கடக்க உதவிவிட்டுச் சொன்னான்: "நம்ம கதையைப் படமா எடுத்தா யாரும் பாக்க மாட்டாங்க அத்தா. போனாங்க, பனி வந்துச்சு, திரும்பிட்டாங்க."

அஸருக்கு முன்பே வீடு சேர்ந்தோம். சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாமா என்று எம் மனைவி கேட்டார். வேண்டாம், அடுத்த முறைக்குத் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றான் மகன்.

பெற்றோரே! பிள்ளைகள் பார்க்கும் படங்களில் பிடிக்காதது எவ்வளவோ இருக்கலாம். ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். அதன் பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இளைஞர்களே! மலையும் கடலும் இறைவனின் அத்தாட்சிகள், சென்று பாருங்கள். எங்கே செல்கிறீர்கள் என்பதை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தேடி வருவோர் எந்தத் திசையில் நடப்பது என்று தெரிந்தாவது இருக்கட்டும்.

பயணம் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமோடு வீடு சேர்ப்பானாக! ஆமீன்.